நானூற்றுப் பன்னிரண்டு பேர்

காப்புரிமைப் படிவத்தின் மூன்றாம் பக்கம் கேட்கிறது:
'இக்கண்டுபிடிப்பில் புதியது என்ன?'
ஆறு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.

வால்டிவியாவில் மழை.
இந்த ஊரில் அதைச் சொல்லத் தேவையில்லை,
பெய்யாத நாளைத்தான் சொல்ல வேண்டும்.

போன ஜூனில், குளிரின் உச்சத்தில்,
எங்கள் மருத்துவமனைக் கணினிகள் எல்லாம்
ஒரே இரவில் வாயடைத்துப் போயின.
திரையில் ஒரு தொகை, ஒரு கெடு.
பதினொரு நாள்
செவிலி பெர்த்தா சோட்டோமாயோர்
பழைய நாட்காட்டித் தாள்களின் முதுகில்
ரத்த அழுத்தம் எழுதினாள்.
எக்ஸ்ரே எடுத்தவர்களை மறுபடி எடுத்தோம்.
கால் மாற்றிக் கட்டுப் போட்டதைச் சொல்லாமல்
ஒருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்,
மரியாதைக்காக.

பூட்டை வலுவாக்கு என்றார்கள். ஆக்கினோம்.
பூட்டு நல்லவனுக்குத்தான் பூட்டு.
அதனால் அடித்தளத்தில், பழைய சலவை அறையை ஒட்டி,
இன்னொரு மருத்துவமனை கட்டினேன்.
ஒற்றை இயந்திரம். ஒருக்களித்த கதவு.
உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள்,
ஒருவரும் பிறக்காதவர்.
அங்கே எந்தக் கை பட்டாலும்
என் தலையணையடியில் மணி அடிக்கும்.
நேர்மையான கைக்கு அங்கே என்ன வேலை?

வந்தார்கள், எட்டிப் பார்த்தார்கள், போய்விட்டார்கள்.

ஆற்றங்கரை மீன்சந்தையில்
கடற்சிங்கங்களைப் பார்த்தபடி நின்றேன்.
மீன்காரி எறியும் தலைக்கும் குடலுக்கும்
அடித்துக்கொள்கிறவை,
ஒரு பையன் வீசிய பிளாஸ்டிக் மீனை
மோந்துகூடப் பார்க்கவில்லை.

நாறவில்லை, அதுதான்.

என் நோயாளிகள் யாரும் தவணை தவறியதில்லை.
எல்லார் பெயரிலும் எழுத்துச் சுத்தம்.
எல்லாரும் கட்டணம் கட்டியிருந்தார்கள்.
எவரும் சாகாத ஆஸ்பத்திரியை
எந்தத் திருடன் நம்புவான்?

பிழை செய்யக் கற்றேன்.
அவசரத்துக்கு அழைக்க இரண்டு மனைவிகள், ஒரே எண்.
இருமலோடு ஒன்பது முறை வந்து
மருந்து வாங்காமல் போனவள்.
பாதியில் நிற்கும் மருத்துவர் குறிப்பு,
நடுவே 'சர்க்கரை இல்லாமல் இரண்டு காபி'.
யூசேபியோ கத்தலான், எழுபத்தாறு, விறகு வியாபாரி:
முதல் பக்கத்தில் பென்சிலின் ஒவ்வாது,
நான்காம் பக்கத்தில் பென்சிலின், மூன்று வேளை.
பொய்யை வாழ்க்கை அளவுக்குக் கோணலாக்க
ஒரு நிரல் எழுதினேன்.
கண்டுபிடிப்பு என்றால் அதுதான்.

ஆகஸ்ட். விடியற்காலை மூன்று பன்னிரண்டு. மணி.

வந்தான். வந்தாளாகவும் இருக்கலாம்,
விசைப்பலகைக்கு மீசை கிடையாது.
எதையும் அள்ளவில்லை. படித்தான்.
யூசேபியோவிடம் நாற்பது நிமிடம் நின்றான்.
போர்வைக்குள் நான், மடியில் கணினி,
கணப்பில் விறகு அணைந்துகொண்டிருந்தது.

பிறகு குறிப்புப் பெட்டியைத் திறந்து
தட்டுத்தடுமாறும் ஸ்பானிய மொழியில் எழுதினான்:
'இவருக்குப் பென்சிலின் ஆகாது.
முதல் பக்கம் பாருங்கள். உடனே நிறுத்துங்கள்.'

சேமித்தான்.
அதன் பிறகு எல்லாவற்றையும் பூட்டினான்,
நானூற்றுப் பன்னிரண்டு பேரையும்,
யூசேபியோ உட்பட.
தொகை எழுதினான். கெடு எழுதினான்.

பூட்டிய சாவி என் பொறியில் விழுந்தது,
வந்த வழியும் விழுந்தது.
காலை எட்டுக்குள் தெமூகோ, ஒசோர்னோ,
இன்னும் ஆறு ஊர் மருத்துவமனைகள்
அந்த வழியை அடைத்துவிட்டன.
இயக்குநர் கேக் வாங்கி வந்தார்.
நல்ல கேக். ஆப்பிள் போட்டது.

படிவம் காத்திருக்கிறது.
கண்டுபிடித்தவர் அல்லது கண்டுபிடித்தவர்கள்.
ஹிமேனா மில்லனாவ் என்று எழுதினேன்.
கீழே இன்னொரு கோடு காலியாக இருந்தது.
அதன் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

இரவு அடித்தளத்துக்கு இறங்கினேன்.
யூசேபியோவின் நான்காம் பக்கத்தில்
பென்சிலினை அடித்து வேறு மருந்து எழுதினேன்.
பொறிக்கு அது நல்லதில்லை,
ஒரு பிழை குறைந்தால் ஒரு வாசனை குறையும்.
ஈடுகட்ட அவர் பெயரில்
ஓர் எழுத்தை மட்டும் தவறாக்கினேன்.

யூசெப்பியோ.